உறையாத தண்ணீர்

தப்பு செய்தது இசக்கியம்மாள்தான். அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதிக் கதையில் வந்து "ஐயோ, இவளா!" என்று யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். ஆனால் என்ன தப்பு செய்தோம் என்பது அவளுக்கே ஒன்பது வருஷமாகத் தெரியாது. தெரிந்த பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறோம்.

வெள்ளைமுனை உப்பளத்தின் ஓரத்தில் பழைய உப்புக் கிட்டங்கி ஒன்றுக்கு வெள்ளையடித்து, வாசலில் 'மாவட்டத் தீர்வகம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். உள்ளே இருந்த கணினிக்கு அரசாங்கம் வைத்த பெயர் உவர்மதி. அங்கே வேலை பார்த்த பதினாறு பெண்களும் அதைப் பாத்தி என்றுதான் சொன்னார்கள். பார்க்கவும் உப்பளத்துப் பாத்தி மாதிரியேதான் இருக்கும். நாற்பது கண்ணாடித் தட்டுகள், ஒவ்வொன்றிலும் நாலு விரல்கடை உயரத்துக்கு உவர்த்தண்ணீர், தண்ணீருக்குள் தலைமுடி கனத்தில் கம்பிகள், மேலே வெயில் காய்கிற மாதிரி விளக்குகள். கடைசித் தட்டுக்குப் பெயர் பதில்தட்டு. மொத்தத் தண்ணீரும் யோசித்து முடித்தால் அந்தத் தட்டில் உப்பு உறையும். உறைந்த உருவம்தான் தீர்ப்பு.

அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் சிலிக்கான் சில்லுக் கணினிகள். அவற்றிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எதைக் கேட்டாலும் பதில் சொல்லும். தெரிந்தாலும் சொல்லும், தெரியாவிட்டாலும் சொல்லும், இரண்டையும் ஒரே குரலில் சொல்லும். அதை நம்பி விபத்து வழக்குகளில் தீர்ப்பு எழுதி ஊர் பட்ட பாடு போதும் போதும் என்றாகிவிட்டது. அப்போதுதான் கோமதிநாயகம் என்கிற இயற்பியல்காரர் தண்ணீரோடு வந்து சேர்ந்தார். பூஜ்யம் வேண்டாம், ஒன்று வேண்டாம், நிரல் வேண்டாம். கணக்கின் அஸ்திவாரத்தையே மாற்றிக் காட்டுகிறேன் என்றார். காட்டவும் செய்தார். ஒரு மின்விசிறி ஓடுகிற கரண்டில் நாற்பது தட்டும் யோசித்தன.

தண்ணீரின் குணம் தெரிந்தவர்கள் வேண்டும் என்று அவர் உப்பளத்துப் பெண்களையே வேலைக்கு எடுத்தார். நல்ல எண்ணம்தான். வந்த வினையும் அதில்தான் இருந்தது.

உப்பளத்தில் தண்ணீர் சில நாள் அடம்பிடிக்கும். வெயில் கொளுத்தும், தண்ணீர் கனத்துப் போய் நிற்கும், ஆனால் உறையாது. அப்போது வெள்ளைமுனைப் பெண்கள் ஒரு பிடி பழைய உப்பை எடுத்து எறிவார்கள். பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி. விதையுப்பு என்று அதற்குப் பெயர். எறிந்த கொஞ்ச நேரத்தில் பாத்தி முழுக்க உப்புப் பூக்கும். இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, கை தானாகவே செய்யும்.

தீர்வகத்தில் ஒரு வழக்குக்கு எட்டு மணி நேரம். அதற்குள் உறையாவிட்டால் 'இயந்திரக் கோளாறு' என்று எழுத வேண்டும். எழுதினவளுக்கு மெமோ வரும். இசக்கியின் முறையில் சில நாள் ஏழே முக்கால் மணி நேரமாகியும் தண்ணீர் தண்ணீராகவே நிற்கும். அவள் என்ன செய்வாள்? முந்தின தீர்ப்பைச் சுரண்டி எடுத்தபோது உதிர்ந்த உப்பு ஒரு எவர்சில்வர் டம்ளரில் கிடக்கும். அதில் ஒரு சிட்டிகை எடுத்துப் போடுவாள். உறைந்துவிடும். கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். உப்பு உப்புதானே?

ரோஸ்லின் மச்சாது என்கிற கிரேன் ஆபரேட்டர் ஒரு வியாழக்கிழமை காலையில் தீர்வகத்துக்கு வந்தாள். வெள்ளைமுனைத் துறைமுகத்தில் அவள் ஓட்டிய கிரேனிலிருந்து ஒரு சரக்குப் பெட்டகம் விழுந்து கீழே நின்ற இரண்டு பேர் செத்துப்போயிருந்தார்கள். தவறு அவளுடையது என்று பாத்தி சொல்லிவிட்டது. லைசென்ஸ் போயிற்று. திங்கட்கிழமை ஆணையர் முன் கடைசி விசாரணை. அதில் தீர்ப்பு உறுதியானால் ஏழு வருஷம் சிறை. தண்டிக்கப்படுகிறவர் தன் உப்பை நேரில் பார்க்கலாம் என்று சட்டத்தில் ஒரு வரி இருந்தது. ஒன்பது வருஷத்தில் அந்த வரியை நம்பி வந்தவர்கள் நாலு பேர்கூட இருக்க மாட்டார்கள்.

"எங்கம்மா இருக்கு என் தீர்ப்பு?" என்றாள். முப்பத்தெட்டு, நாற்பது வயதிருக்கும். துறைமுகத்தின் ஆரஞ்சுச் சட்டையைத்தான் போட்டிருந்தாள். பெயர்ப்பட்டை இருந்த இடத்தில் நூல் பிரிந்து தொங்கியது.

இசக்கி அவளைப் பின்னறைக்குக் கூட்டிப்போனாள். தேதிவாரியாக அலமாரியில் அடுக்கியிருந்த கண்ணாடிச் சட்டங்களில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்க்கா."

"என்ன சொல்லுது?"

"நடுவுல கண்ணு மாதிரி இருக்கு பாருங்க. அதுலருந்து ஏழு கை போவுது. ஏழு கை வந்தா ஓட்டுனவங்க தப்பு. நாலு கை வந்தா மெஷினு தப்பு."

ரோஸ்லின் சட்டத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "நூத்தி இருவது அடி ஒசரத்துல நான் ஒத்தையில இருந்தேன். இது இங்க தட்டுல கெடந்துச்சு. பெட்டகம் விழுறதுக்கு முந்தின அந்த ஒம்பது நொடியில அங்க என்ன நடந்துச்சுன்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. இசக்கி தனக்குத் தெரிந்த மட்டில் சொன்னாள். "கிரேன்ல உள்ள அளவு, காத்து, கேமரா, பாத்தவங்க சொன்னது எல்லாத்தையும் சின்னச் சின்ன அதிர்வா மாத்தித் தண்ணிக்குள்ள வுடுவோம். சில்லு மாதிரி இது ஒண்ணு ஒண்ணாக் கூட்டிக் கழிக்காது. மொத்தத் தண்ணியும் சேந்து யோசிக்கும். ஒரு பக்கமா மனசு சாஞ்சாத்தான் உறையும். சாயலன்னா..."

"சாயலன்னா?"

"சாஞ்சிரும்க்கா," என்று இசக்கி சொன்னாள். சொல்லும்போதே நாக்கு கொஞ்சம் ஒட்டியது.

ரோஸ்லின் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சட்டத்தைத் திரும்ப வைத்தாள். பக்கத்திலிருந்த இன்னொன்றை எடுத்தாள். "இது யாரு?"

"அது லாரி கேஸு. உங்களுக்கு முந்தின நாளு. குடிச்சிட்டு ஓட்டியிருக்கான்."

"இவனுக்கும் ஏழு கை." மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "மூணாவது கை பாதியில முறிஞ்சிருக்கு. எனக்கும் அப்படித்தான் முறிஞ்சிருக்கு. ஏம்மா, ரெண்டு பேருக்கும் ஒரே அச்சாப் போட்டீயளா?"

அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். இசக்கிக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு கை பல வழக்குக்கு வரும். ஆனால் எந்த இரண்டும் ஒரே இடத்தில் முறியாது, ஒரே மாதிரி கோணாது. ஒன்பது வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை. பார்த்ததில்லையா, இரண்டைச் சேர்த்து வைத்துப் பார்க்க யோசித்ததில்லையா? இரண்டு சட்டங்களையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முறிந்த கை மட்டுமல்ல, ஐந்தாவது கையின் நுனியில் இருந்த கொப்புளம்கூட அப்படியே இருந்தது.

அன்றைய டம்ளர் ஞாபகத்துக்கு வந்தது. லாரிக்காரன் தீர்ப்பைச் சுரண்டின உப்பு. கிரேன் வழக்கின் தண்ணீர் மாலை வரை உறையவே இல்லை. ஏழே முக்கால் மணி நேரமானதும் ஒரு சிட்டிகை போட்டாள். இந்த உருவம் தண்ணீர் சொன்ன பதிலே இல்லை. லாரிக்காரனின் குற்றத்தை அவள் கையால் அள்ளி இந்தப் பெண்ணின் தலையில் போட்டிருக்கிறாள்.

"என்னம்மா, மொகம் வெளுத்துட்டு?"

"யக்கா, திங்கக்கெழம விசாரண எத்தன மணிக்கு?"

"பத்துக்கு. ஏன்?"

"நானும் வாரேன்," என்றாள் இசக்கி. அதற்கு மேல் சொல்ல அவளுக்கு அப்போது தைரியமில்லை.

கோமதிநாயகத்திடம் அன்று மதியமே போனாள். மனிதர் கெட்டவரில்லை. தட்டில் ஒரு தூசி விழுந்தால் தன் கண்ணில் விழுந்த மாதிரி பதறுகிறவர். அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறவில்லை. டீயை மட்டும் குடிக்காமல் வைத்துவிட்டார். எழுந்து பாத்திக் கூடத்துக்குப் போனார். கிரேன் வழக்கின் விவரங்களை அவரே மறுபடி தண்ணீருக்குக் கொடுத்தார்.

"நீ பக்கத்துல நில்லு. யாரும் எதையும் போடக்கூடாது."

எட்டு மணி நேரம் தாண்டியது. வெள்ளி போயிற்று. சனிக்கிழமை மத்தியானம் வந்து பார்த்தபோதும் பதில்தட்டில் தண்ணீர் பளிங்கு மாதிரி நின்றது. ஒரு கல் உப்புக்கூட இல்லை.

"ஐயா, இது என்னய்யா அர்த்தம்?"

"அதுக்குத் தெரியலைன்னு அர்த்தம்." அவர் குரலில் பெருமையா துக்கமா என்று பிரிக்க முடியவில்லை. "சாட்சியம் ரெண்டு பக்கமும் சரிசமமா இருக்கு. எந்தப் பக்கமும் சாய மாட்டேங்குது. இந்த மாதிரி நேரத்துல தண்ணி தளும்பி நிக்கும், இசக்கி. அப்ப யாரு ஒரு சிட்டிகை போட்டாலும், அந்த உப்பு சொல்றதத்தான் அதுவும் சொல்லும்."

"அப்ப ஆணையர்ட்டச் சொல்லிருவோம்யா."

"என்னன்னு சொல்லுவ?"

"தெரியலன்னு."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பில்லை. "ஒப்பந்தத்துல தெரியலைக்கு இடமே இல்லம்மா. எட்டு மணி நேரத்துல பதில்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன். போடாட்டா இந்தக் கட்டடமே வந்திருக்காது. ஒம்பது வருஷம், மூவாயிரத்துச் சொச்சம் வழக்கு, ஒண்ணுகூட உறையாம இருந்ததில்ல. அதச் சொல்லிச் சொல்லித்தான் சில்லுக்காரங்கள வாசலோட நிறுத்தி வச்சிருக்கேன். நீ திங்கக்கிழம வாயத் திறந்தா, செவ்வாக்கிழம சில்லுக்காரன் இங்க வந்து உக்காந்துருவான். அப்புறம் ரோஸ்லின் ஒருத்தி இல்ல, ஆயிரம் ரோஸ்லின். யோசிச்சுப் பாரு."

இசக்கி யோசித்தாள். அவர் சொன்னது பொய்யில்லை என்பதுதான் கொடுமை.

"அந்தப் பொண்ணுக்குத் தண்டனையக் குறைக்கச் சொல்லி நான் தனியா எழுதறேன்," என்று அவர் இறங்கி வந்தார். "ரெண்டு வருஷம் ஆக்கிரலாம்."

"செய்யாததுக்கு ரெண்டு வருஷமா?"

"செய்யலன்னு யாரு சொன்னா? தண்ணி அதையும் சொல்லலையே!"

"செஞ்சான்னும் சொல்லலல்லா?" அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஐயா, நான் படிக்காதவ. ஆனா ஒண்ணு கேக்கேன். தெரியாட்டா தெரியலன்னு சொல்லுத கணினி வேணும்னுதான நீங்க இதச் செஞ்சீய? அது சொல்லுதுய்யா. ஒம்பது வருஷமாச் சொல்லிட்டுக் கெடக்கு. அது வாயில உப்பப் போட்டு அடைச்சது நான். இப்ப நீங்களும் அடைக்கணும்னு சொல்லுதீய. உங்க தண்ணிய நீங்களே நம்பலையா?"

"வேலை போயிரும்."

"போட்டும்."

"உன் மேலயே கேஸ் வரும்."

"வரட்டும். அதையும் பாத்தியிலயே போட்டுப் பாருங்க, என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போகாதே என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அதை இசக்கி கவனித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மற்ற பெண்களின் வீடுகளுக்குப் போனாள். நாளைக்கு இன்னது சொல்லப் போகிறேன், உங்கள் பெயரை இழுக்க மாட்டேன், பயப்படாதீர்கள் என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டு வந்தாள். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். மாடத்தி மட்டும் "ஏட்டி, உனக்குக் கிறுக்கா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

திங்கட்கிழமை காலை இசக்கி பதில்தட்டை அப்படியே மூடி போட்டு, மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். பக்கத்தில் இருந்தவர் "மீன் குழம்பா?" என்று கேட்டார். "தீர்ப்பு," என்றாள். அவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

விசாரணைக் கூடத்தில் ஆணையர் சுலைகா நடுவில் இருந்தார். கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற, அதிகம் பேசாத பெண்மணி. ஒரு பக்கம் துறைமுகத்தின் வக்கீல் ஞானசிகாமணி. இன்னொரு பக்கம் ரோஸ்லின், தனியாக. பின்வரிசையில் தீர்வகத்தின் பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்கவா, தன்னை வைவதற்கா என்று இசக்கிக்குத் தெரியவில்லை. கடைசி நாற்காலியில் கோமதிநாயகம்.

அவளைச் சாட்சியாக யாரும் அழைக்கவில்லை. அவளாகவே எழுந்து போய் நின்றாள். விதையுப்பு, டம்ளர், லாரிக்காரன், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

வக்கீல் எழுந்தார். "கதை நல்லா இருக்கு. ஆனா ஒரு சிட்டிகை உப்பு ஒரு கணினியோட முடிவையே மாத்திரும்னு எந்த விஞ்ஞானத்துல இருக்கு? இந்தம்மாவுக்கும் குற்றவாளிக்கும் என்ன சம்பந்தம்னு முதல்ல விசாரிக்கணும்."

"விஞ்ஞானம் எனக்குத் தெரியாது சார். கண்ணுக்கு முன்னால காட்டுதேன், பாத்துக்கோங்க."

தட்டைத் திறந்தாள். மூன்று கண்ணாடிக் கிண்ணங்களை வரிசையாக வைத்து அந்தத் தண்ணீரை மூன்றிலும் ஊற்றினாள். "இது கிரேன் வழக்கோட தண்ணி. வியாழக்கெழம கேட்டது, இந்நேரம் வரைக்கும் உறையல. மூணு கிண்ணத்துலயும் அதே தண்ணி, அதே கேள்வி." சட்டத்திலிருந்து சுரண்டி முந்தானையில் முடிந்து வந்திருந்த லாரிக்காரன் உப்புப் பொட்டலத்தைப் பிரித்து முதல் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை போட்டாள். இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தாள். "இது ஒரு லிஃப்ட் அறுந்து விழுந்த கேஸு. மெஷினு தப்புன்னு வந்த உப்பு." அதை இரண்டாவதில் போட்டாள். மூன்றாவதில் ஒன்றும் போடவில்லை.

பத்து நிமிஷம்தான் ஆனது. எழுந்து வந்து பார்க்க வேண்டாம் என்று யாரும் சொல்லாததால் பாதிக் கூடம் மேசையைச் சுற்றி நின்றது. முதல் கிண்ணத்தில் ஏழு கை மலர்ந்தது, மூன்றாவது முறிந்து. இரண்டாவதில் நாலு கை. ஒரே வழக்கு, ஒரே தண்ணீர். ஒரு கிண்ணத்தில் ரோஸ்லின் குற்றவாளி, அடுத்த கிண்ணத்தில் நிரபராதி.

"யா அல்லாஹ்," என்றார் ஆணையர் மெதுவாக.

வக்கீல் மூன்றாவது கிண்ணத்தைக் காட்டினார். "அது சும்மா தண்ணியாத்தான் இருக்கு?"

"அதான் சார் பதிலு."

"அது பதிலே சொல்லலியே!"

"சொல்லிட்டு சார். நமக்குத்தான் அது புடிக்கல."

யாரோ சிரித்தார்கள். ஆணையர் நிமிர்ந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவர் இசக்கியிடம் கேட்டார்: "இந்த மாதிரி எத்தனை தடவை போட்டிருக்கீங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று இசக்கிக்குத் தெரியும். பதிலும் தெரியும். சனிக்கிழமை ராத்திரி முழுக்க முறைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, ஏழே முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு உறைந்த வழக்குகளை ஒன்றொன்றாகத் தேடி எடுத்திருந்தாள். தேடத் தேட அழுகை முட்டியது, அழுதுகொண்டேதான் எழுதினாள். "பத்தொம்பது."

"பத்தொன்பது பேர்," என்றார் ஆணையர்.

"ஆமாம்மா. யாரு மேலயும் பழி போடணும்னு செய்யல. அதனால அது பழி இல்லன்னு ஆயிராது."

பின்வரிசையில் ஒரு நாற்காலி இழுபட்டது. மாடத்தி எழுந்து நின்றாள். கிறுக்கா என்று கேட்டுக் கதவைச் சாத்தினவள்தான். "எனக்கு இருவத்தி ரெண்டு," என்றாள். மறுபடி சொன்னாள். "இருவத்தி ரெண்டு தடவ நானும் போட்டிருக்கேன்."

"பதினாலு," என்று தங்கபுஷ்பம் எழுந்தாள்.

"சரியாத் தெரியல. இருவதுக்குக் கொறையாது."

"எனக்குப் பதினேழு."

ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். மீதிப் பதினைந்து பேரும். யாரும் அவர்களைக் கேட்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. ஒன்பது வருஷமாக ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்ளாத விஷயம். ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் என்று நினைத்திருந்தாள். ஆணையரின் எழுத்தர், சரியாகத் தெரியாதவளுக்கு இருபது என்றே வைத்துக் கூட்டிப் போட்டார். முந்நூற்றுப் பத்து.

அப்போதுதான் கோமதிநாயகம் எழுந்தார். முன்னால் வரவில்லை, நின்ற இடத்திலேயே பேசினார். "நான் இதை வடிவமைச்சப்போ பத்துல ஒரு வழக்கு உறையாதுன்னு கணக்குப் போட்டு வச்சிருந்தேன். மனுஷ விவகாரத்துல அவ்வளவு தெரியாமை இருக்கத்தான் செய்யும்னு நெனச்சேன். எல்லாமே உறைஞ்சுதா, என் கணக்குதான் தப்புன்னு அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டேன்." அவர் எழுத்தரைப் பார்த்தார். "மூவாயிரத்துத் தொண்ணூறு வழக்குல முந்நூத்திப் பத்து. என் கணக்கு தப்பில்ல." அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் செய்தார். பெருமைப்பட வேண்டிய நேரத்தில் அந்த மனிதருக்கு வாய்த்தது முந்நூற்றுப் பத்து குடும்பங்களின் நாசம். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

வக்கீல் விடுகிறவராக இல்லை. அவருக்குக் காரியம் ஆக வேண்டும். "இதெல்லாம் இருக்கட்டும். தெரியாதுன்னு ஒரு தீர்ப்பு எழுத முடியுமா? படிவத்துல ஆமா, இல்லைன்னு ரெண்டு கட்டம்தான் இருக்கு. ரெண்டு உயிர் போயிருக்கு. அவங்க வீட்டுக்கு என்ன பதில் சொல்றது, தெரியாதுன்னா?"

"தெரியாட்டா அதத்தான சார் சொல்லணும்?" இசக்கியின் குரல் ஏறிவிட்டது. "அவிய வீட்டுல போயி யாரோ ஒரு லாரிக்காரன் உப்பக் காட்டி, இவதான் கொன்னான்னு சொல்லணுமா? செத்தவங்களுக்கும் அது அவமானந்தான்."

"ஒரு நிமிஷம்." ஆணையர் கையை உயர்த்தினார். வக்கீல் சட்டென்று ரோஸ்லின் பக்கம் திரும்பினார். எல்லாரும் மறந்துபோன ஆளைக் கேட்டால் ஏதாவது கிடைக்கும் என்று நினைத்திருப்பார்.

"நீங்களே சொல்லுங்க. தண்ணிக்குத் தெரியாம இருக்கலாம், உங்களுக்குத் தெரியுமில்ல? தப்பு உங்களுதா, இல்லையா? ஒரே வார்த்தை."

சொல்லேன்க்கா, இல்லை என்று சொல்லேன் என்று இசக்கி மனசுக்குள் மன்றாடினாள். இனி யாராலும் மறுக்க முடியாது. ஒரு வார்த்தை போதும், வீட்டுக்குப் போய்விடலாம்.

ரோஸ்லின் எழுந்து நின்றாள். வக்கீலைப் பார்க்கவில்லை. மேசை மேல் மூன்றாவது கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல சார்."

"என்ன?"

"எனக்கும் தெரியல. செத்துப்போன ஆரோக்கியம் கீழ நின்னு கைகாட்டினான், அது ஞாபகம் இருக்கு. அப்புறம் சத்தம், அது ஞாபகம் இருக்கு. நடுவுல அந்த ஒம்பது நொடி... நெம்புகோல நான் தள்ளினேனா, அது தானாப் போச்சா? கண்ணு ஒரு இமை மூடிச்சா? மூணு மாசமா அதையே நெனச்சு நெனச்சுப் பாக்கேன். ஆரோக்கியம் பொண்டாட்டி என் மொகத்தப் பாத்துக் கேட்டா, அவகிட்டயும் இதத்தான் சொன்னேன். மொத நாளு போலீஸ்லயும் இதத்தான் சொன்னேன். மழுப்பலான பதில்னு எழுதிக்கிட்டாங்க." அவள் மூக்கை ஆரஞ்சுச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள். "நான் பொய் சொல்லல. அதுவும் பொய் சொல்லல."

வக்கீல் தன் தாள்களை அடுக்கத் தொடங்கினார். இசக்கி மூன்றாவது கிண்ணத்தைத் திரும்பிப் பார்த்தாள். நூற்று இருபது அடி உயரத்தில் தனியாக இருந்த ஒருத்தியின் மனசில் என்ன இருந்ததோ, ஒரு தட்டுத் தண்ணீர் அதைக் கொஞ்சமும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லியிருக்கிறது. அதைச் சொல்லவிடாமல் செய்தவள் அவள்.

ஆணையர் படிவத்தை எடுத்தார். இரண்டு கட்டங்களுக்குக் கீழே அளவுகோல் வைத்து மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தார். அதற்குள் 'தெரியாது' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டார். "தெரியாததுக்கு யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. ரோஸ்லின் மச்சாது போகலாம்."

"மேலிடத்துல இதை ரத்து பண்ணுவாங்க, மேடம். சில்லுக் கணினியத்தான் கொண்டு வருவாங்க," என்றார் வக்கீல்.

"பண்ணட்டும். அதுவரைக்கும் இந்த நாற்காலியில நான்தான் இருக்கேன்." ஆணையர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டு, வெற்றுப் படிவக் கட்டை எழுத்தரிடமிருந்து வாங்கித் தன் முன் வைத்தார். "இன்னும் முந்நூத்தி ஒன்பது பேர் இருக்காங்க. சொல்லுங்கம்மா, யாரை முதல்ல கூப்பிடணும்?"

ரோஸ்லின் வெளியே போகவில்லை. பின்வரிசையில் அந்தப் பெண்களோடு போய் உட்கார்ந்தாள். மாடத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

இசக்கி இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்துப் பிரித்தாள். அவள் கையெழுத்தில் பத்தொன்பது வரிகள். முதல் வரியில் எட்டு வருஷமாகச் சிறையில் இருக்கும் ஒரு பஸ் டிரைவர். அவள் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, அவன் பெயரை வாசித்தாள்.